கட்டற்ற மென்பொருளில் களஞ்சிய எல்லையும் வெளியீட்டு எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்று தன் மூலநிரலை ஒரே களஞ்சியத்தில் வைப்பதா, பல களஞ்சியங்களாகப் பிரிப்பதா என்பது ஒரு வினா. அதனை ஒரே வெளியீடாகத் தருவதா, பல வெளியீடுகளாகத் தருவதா என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. இவை தம்முள் வேறானவை என்பதை எக்ஸ் சாளர அமைப்பு, எல்எல்விஎம், கேடிஇ ஆகிய மூன்று திட்டங்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது. களஞ்சிய எல்லை ஆக்குவோரின் பணியையும், வெளியீட்டு எல்லை பெறுவோரின் தேவையையும் அடியொற்றி அமைய வேண்டும் என்பது இதன் முடிபு. இவ்விரு சாராருக்கும் இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரின் நிலையும், 2024ஆம் ஆண்டு எக்ஸ்இசட் மென்பொருளில் வெளிப்பட்ட ஊடுருவலும் இம்முடிபின் நடைமுறைப் பயனை விளக்கும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், களஞ்சியம், வெளியீடு, பதிப்பெண், எக்ஸ் சாளர அமைப்பு, எல்எல்விஎம், கேடிஇ, மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

சுவடி, படி, பாடம், பதிப்பு என்பவற்றைத் தனித்தனியே பிரித்துக் காணும் பயிற்சி தமிழாய்வுக்குப் புதிதன்று. ஒரு நூலின் சுவடிகள் எங்கே, எவ்வாறு பேணப்படுகின்றன என்பது ஒரு செய்தி. அவற்றிலிருந்து எப்பாடம், எப்போது, யாருக்காக அச்சேறுகிறது என்பது வேறொரு செய்தி. சுவடிகள் ஒரே நூலகத்தில் இருந்தமையால் அவை ஒரே பதிப்பாக வந்தாக வேண்டும் என்று எவரும் கருதுவதில்லை.

மென்பொருளில் இவ்வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகிறது. மூலநிரலைப் பேணும் களஞ்சியமும் அதிலிருந்து பயனருக்குச் செல்லும் வெளியீடும் ஒரே கருவியால், ஒரே குழுவால், பல வேளைகளில் ஒரே நாளில் கையாளப்படுவதே இதற்குக் காரணம். 'களஞ்சியத்தைப் பிரித்தால் வெளியீடு விரைவுபடும்', 'ஒரே வெளியீடு வேண்டுமெனில் ஒரே களஞ்சியம் வேண்டும்' என்னும் இரு கருத்துகளும் இம்மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன. இவை எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கென, தம் அமைப்பை வெளிப்படையாக மாற்றிக்கொண்ட மூன்று திட்டங்கள் தேர்ந்துகொள்ளப்பட்டுள்ளன. மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒரே திட்டத்தை ஒப்பிட்டுக் காண இயல்வது இத்தேர்வின் பயனாகும்.

2. கலைச்சொற்களும் கோட்பாட்டுப் பின்புலமும்

களஞ்சியம் என்பது மூலநிரல் கோப்புகளையும், அவற்றில் யார், எப்போது, எம்மாற்றத்தைச் செய்தார் என்னும் வரலாற்றையும் சேர்த்துப் பேணும் இடம். ஒருவர் ஒருமுறையில் ஒப்படைக்கும் மாற்றம் இங்கு மாற்றப்பதிவு எனப்படுகிறது. வெளியீடு என்பது களஞ்சியத்தின் ஒரு நிலையைத் தேர்ந்து, பதிப்பெண் இட்டு, 'இது பயன்பாட்டுக்கு உரியது' என்ற உறுதியுடன் வெளியே அனுப்புவது. களஞ்சியம் நாள்தோறும் மாறும், வெளியீடு மாறாது. பிழை காணப்படின் வேறொரு வெளியீடு வரும்.

ஒரு முறைமையை எவ்விடத்தில் பிரிப்பது என்னும் வினாவுக்கு டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. செயல் நிகழும் வரிசையைக் கொண்டு பிரிக்காமல், மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்து வைக்கும் வகையில் பிரிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மெல்வின் கான்வே 1968இல் வெளியிட்ட கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒரு முறைமையின் வடிவம், அதனை ஆக்கிய குழுவினர் தம்முள் கொண்டுள்ள தொடர்பின் வடிவத்தை ஒத்திருக்கும் என்பது அதன் சாரம். முன்னது பொருளையும் பின்னது மாந்தரையும் நோக்கியவை. எனினும் இவ்விரண்டும் ஆக்குவோர் பக்கத்தில் நின்றே பேசுகின்றன. வெளியீட்டைப் பெறுவோர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்னும் வினா இவற்றுள் நேரடியாக இடம்பெறவில்லை. அவ்விடைவெளியை நிரப்பக் கட்டற்ற மென்பொருளின் வரலாறு துணைசெய்கிறது.

3. எக்ஸ் சாளர அமைப்பு: பிரித்தலும் அதன் எல்லையும்

எக்ஸ் சாளர அமைப்பு 1984இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தோன்றியது. அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் திரையில் சாளரங்களைக் காட்டும் அடித்தளமாக அது நெடுங்காலம் விளங்கியது. காட்சிச் சேவையகம், நிரலகங்கள், வரைகலை அட்டைகளுக்கான இயக்கிகள், எழுத்துருக்கள், சிறு பயன்பாடுகள் ஆகிய யாவும் ஒரே மரமாகப் பேணப்பட்டு, ஒரே வெளியீடாகத் தரப்பட்டன.

இம்முறையின் இடர்ப்பாடு இயக்கிகளில் வெளிப்பட்டது. வரைகலை அட்டைகள் அடிக்கடி புதிதாக வருபவை. எழுத்துருக்கள் ஆண்டுக்கணக்கில் மாறாதவை. இரண்டும் ஒரே வெளியீட்டில் இருந்தமையால், புதிய அட்டைக்கான இயக்கி அணியமாக இருந்தும் முழு அமைப்பும் வெளியாகும் வரை பயனர் காத்திருக்க நேர்ந்தது. சிறு பயன்பாடு ஒன்றில் வழு திருத்த விரும்பிய புதியவரும் முழு மரத்தையும் பெற்று, அதற்கே உரிய ஐமேக் என்னும் உருவாக்கக் கருவியைக் கற்க வேண்டியிருந்தது.

2004இல் எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை உருவான பின் பிரிப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது. 2005 டிசம்பர் 21 அன்று எக்ஸ்11ஆர்6.9, எக்ஸ்11ஆர்7.0 என இரு வெளியீடுகள் ஒரே நாளில் வந்தன. இரண்டின் மூலநிரலும் ஒன்றே. முன்னது பழைய ஒற்றை மர அமைப்பிலும், பின்னது நூற்றுக்கு மேற்பட்ட தனிக்கூறுகளாகவும் தரப்பட்டது. பழைய முறைக்குப் பழகியோரைக் கைவிடாமல் புதிய முறையைத் தொடங்கிவைத்த இவ்வெளியீடு, அமைப்பு மாற்றத்தையும் நிரல் மாற்றத்தையும் ஒன்றோடொன்று கலவாமல் செய்தது. பிழை ஏதேனும் தோன்றின், அது பிரிப்பினால் வந்ததா, நிரலினால் வந்ததா என்பதை ஒப்பிட்டு அறிய இதனால் இயன்றது.

பிரிப்பின் பயன் விரைவில் தெரிந்தது. இயக்கிகள் தத்தம் கால அளவில் வெளிவந்தன. கூறுகள் யாவற்றையும் திரட்டித் தரும் முழுத்தொகுதி வெளியீடு தன் தேவையை மெல்ல இழந்தது. 2012இல் வந்த எக்ஸ்11ஆர்7.7 அவ்வகையில் இறுதியானது. எந்தச் சேவையகப் பதிப்புடன் எந்த இயக்கிப் பதிப்பு பொருந்தும் என்னும் கணக்கை லினக்ஸ் வழங்கல்களைத் தொகுப்போர் ஏற்கலாயினர். ஆக்குவோரின் சுமை பெறுவோரிடம் சென்றது என்று இதனைக் கூறலாம்.

பின்னாளில் நிகழ்ந்த இரு நிகழ்வுகள் இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கன. முதலாவது, நெறிமுறைத் தலைப்புக் கோப்புகள் பற்றியது. தனித்தனிக் களஞ்சியங்களாகவும் வெளியீடுகளாகவும் பிரிக்கப்பட்டிருந்த இவை 2018இல் மீண்டும் ஒரே தொகுதியாக இணைக்கப்பட்டன. அரிதாக மாறுபவையும், மாறும்போது பெரும்பாலும் ஒருங்கே பெறப்படுபவையுமான இவற்றைத் தனித்துப் பேணுவதில் பயனில்லை என்பது பட்டறிவால் உணரப்பட்டது.

இரண்டாவது, எக்ஸ்வேலேண்டு பற்றியது. வேலேண்டு என்னும் புதிய காட்சி முறையில் பழைய எக்ஸ் பயன்பாடுகளை இயக்க உதவும் இச்சேவையகம், எக்ஸ் சேவையகத்தின் களஞ்சியத்துக்குள்ளேயே உள்ளது. 2018 மே மாதம் வந்த 1.20க்குப் பின் அச்சேவையகத்தின் அடுத்த பெருவெளியீடு 2021 அக்டோபரில்தான் வந்தது. எக்ஸ்வேலேண்டோ இடைவிடாது வளர்ந்துகொண்டிருந்தது. எனவே 2021 மார்ச்சில் அது மட்டும் தனி வெளியீடாகத் தரப்பட்டது. களஞ்சியம் பிரிக்கப்படவில்லை, ஒரு கிளையிலிருந்து வெளியீடு மட்டும் பிரிந்தது. 2005இல் தேவையாயிருந்த களஞ்சியப் பிரிப்பு 2021இல் தேவைப்படவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

4. எல்எல்விஎம்: சேர்த்தல்

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய எல்எல்விஎம், நிரல்தொகுப்பிகளை உருவாக்குவதற்கான அடித்தளம். சி, சி++ மொழிகளுக்கான கிளாங், பிணைப்பியான எல்எல்டி, வழுநீக்கியான எல்எல்டிபி முதலியன அதன் துணைத்திட்டங்கள். இவை சப்வெர்சன் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையில் தனித்தனி அடைவுகளாக இருந்தன. எனினும் மாற்ற எண் அனைத்திற்கும் பொதுவாக இருந்தது. ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சொன்னால், அந்நேரத்தில் ஒவ்வொரு துணைத்திட்டமும் எந்நிலையில் இருந்தது என்பது ஐயமின்றித் தெரியும்.

கிட் முறைமைக்கு மாற முற்பட்டபோது இப்பொது எண் இழக்கப்படும் நிலை எழுந்தது. துணைத்திட்டங்களைத் தனிக் களஞ்சியங்களாக்கி ஒரு தாய்க் களஞ்சியத்தால் கோப்பதா, அனைத்தையும் ஒரே களஞ்சியமாக்குவதா என்பது நெடிது விவாதிக்கப்பட்டது. ஒரே களஞ்சியம் என்னும் முடிவே வென்றது. மாற்றம் 2019 அக்டோபரில் நிறைவேறியது.

இம்முடிவுக்கு வலுவான காரணம் நிரலின் இயல்பிலேயே உள்ளது. எல்எல்விஎம்மின் உள் சி++ இடைமுகம் நிலையானது என்னும் உறுதி எவருக்கும் தரப்படுவதில்லை. அது வேண்டுமென்றே நெகிழ்வாக வைக்கப்பட்டுள்ளது. அடித்தளத்தில் ஒரு சார்பின் பெயர் மாறினால், அதே வேளையில் கிளாங்கும் மாறியாக வேண்டும். தனிக் களஞ்சியங்களில் இம்மாற்றம் இரு பதிவுகளாகப் பிரியும்; இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் முழு அமைப்பும் உருவாகாது. ஒரே களஞ்சியத்தில் அது ஒரே மாற்றப்பதிவாக நிகழ்கிறது. பிழை எப்பதிவில் நுழைந்தது என்பதைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் முறையும் இதனால் எளிதாகிறது. பார்னாஸின் அளவுகோலைக் கொண்டு கூறின், இங்கு மாறும் முடிவு எல்லைக்குள் மறைக்கப்படவில்லை. அது எல்லையைக் கடந்து செல்கிறது. அத்தகைய இடத்தில் களஞ்சிய எல்லையை நிறுவுவது பணியைத் தடுக்கும்.

எல்லாம் சேர்க்கப்பட்டன என்றும் கருதலாகாது. பெருமளவு சோதனை நிரல்களைக் கொண்ட சோதனைத் தொகுதியும், தானியங்கிச் சோதனைச் சேவையகங்களின் அமைவுகளும் தனிக் களஞ்சியங்களாகவே நின்றன. அடித்தளத்தின் ஒவ்வொரு மாற்றத்துடனும் இணைந்து மாறவேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. சேர்த்ததற்கும் விலக்கியதற்கும் அளவுகோல் ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

5. கேடிஇ: வெளியீட்டைப் பிரித்தல்

1996இல் தொடங்கிய கேடிஇ திட்டம், மேசைத்தளச் சூழல், பொது நிரலகங்கள், நூற்றுக்கணக்கான பயன்பாடுகள் ஆகியவற்றை உள்ளடக்கியது. நான்காம் தலைமுறையில் இவை பொதுப் பதிப்பெண்ணுடன் ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டன. 2014இல் அவ்வெளியீடு மூன்றாகப் பிரிந்தது. நிரலகங்கள் 'ஃபிரேம்வொர்க்ஸ்' என்ற பெயரிலும், மேசைத்தளம் 'பிளாஸ்மா' என்ற பெயரிலும், பயன்பாடுகள் தனித் தொகுப்பாகவும் வெவ்வேறு கால அளவில் வெளிவரலாயின. பயன்பாட்டுத் தொகுப்பு இன்று 'கியர்' எனப்படுகிறது.

இப்பிரிவு பெறுவோரைக் கருதிச் செய்யப்பட்டது. நிரலகங்களைப் பெறுவோர் நிரலாளர். அவருள் எல்எக்ஸ்கியூடி போன்ற பிற மேசைத்தளங்களை ஆக்குவோரும் அடங்குவர். முன்பு சிறு வசதி ஒன்றுக்காகவும் பெரிய நிரலகம் முழுவதையும் ஏற்க வேண்டியிருந்தது. சார்பின் அளவுக்கேற்ப அடுக்குகளாகப் பிரிக்கப்பட்ட ஃபிரேம்வொர்க்ஸில் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ள இயன்றது. நிரலகங்கள் மாதந்தோறும் வெளிவந்தன. பயன்பாட்டுத் தொகுப்பு ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது.

பிரிந்தவை மீண்டும் கூடிய தருணமும் உண்டு. அடிப்படையாக அமைந்த கியூடி நிரலகத்தின் ஆறாம் தலைமுறைக்கு மாறியபோது, மூன்று பிரிவுகளும் 2024 பிப்ரவரி 28 அன்று ஒன்றாக வெளியிடப்பட்டன. அடித்தள மாற்றம் மூன்றையும் ஒருசேரத் தொட்டமையால் அவ்வொரு முறை ஒரே நாள் தேவைப்பட்டது. வெளியீட்டு எல்லை தேவையைப் பொறுத்து நெகிழக்கூடியது என்பதற்கு இது தக்க சான்று.

6. நான்கு சேர்க்கைகள்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், களஞ்சியமும் வெளியீடும் நான்கு வகையில் கூடலாம் என்பதும், நான்குக்கும் நடைமுறையில் சான்று உண்டு என்பதும் தெளிவாகும். ஒரு களஞ்சியம், ஒரு வெளியீடு என்பது எல்எல்விஎம்மின் நிலை. ஒரு களஞ்சியம், பல வெளியீடு என்பது 2021க்குப் பிந்தைய எக்ஸ் சேவையகத்தின் நிலை. பல களஞ்சியம், ஒரு வெளியீடு என்பது பிளாஸ்மாவின் நிலை. அதன் கூறுகள் தனிக் களஞ்சியங்களில் இருப்பினும் ஒரே பதிப்பெண்ணுடன் ஒரே நாளில் வெளிவருகின்றன. பல களஞ்சியம், பல வெளியீடு என்பது எக்ஸ் இயக்கிகள், நிரலகங்கள் ஆகியவற்றின் நிலை. நான்கும் இயல்வதால், ஒன்றை முடிவுசெய்தமையால் மற்றொன்று தானே முடிவாகிவிடாது என்பது பெறப்படுகிறது.

வெளியீட்டின் காலமும் தனியே முடிவு செய்யப்பட வேண்டிய ஒன்றே. லினக்ஸ் கருவகத்தின் 2.4 பதிப்பு 2001 ஜனவரியிலும் 2.6 பதிப்பு 2003 டிசம்பரிலும் வந்தன. இவ்வளவு நீண்ட இடைவெளியில், புதிய வசதிகளை வழங்கல்களைத் தொகுப்போர் தாமே பழைய பதிப்பில் சேர்க்கலாயினர். ஒவ்வொரு வழங்கலின் கருவகமும் வேறுபட்டது. பின்னர் ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியிடும் முறை நிலைபெற்றது. இதில் புதியன ஏற்கும் காலம் இரண்டு வாரம். எஞ்சியது சீர்திருத்தத்திற்கு உரியது. அணியமாகாத வசதி அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்கும். வசதிக்காக வெளியீடு காத்திருப்பதில்லை. களஞ்சிய அமைப்பை மாற்றாமலேயே, பெறுவோரின் குறை கால ஒழுங்கினால் தீர்க்கப்பட்டது.

7. இடைநிற்கும் மொழிபெயர்ப்பாளர்

ஆக்குவோர், பெறுவோர் என்னும் பகுப்பில் எளிதில் அடங்காதவர் மொழிபெயர்ப்பாளர். நிரலிலுள்ள ஆங்கிலச் சரங்களைப் பெறுவதால் அவர் பெறுவோர். தம் மொழிச் சரங்களை அதே வெளியீட்டில் சேர்ப்பதால் ஆக்குவோர். தமிழ் இடைமுகத்தை உருவாக்கும் தன்னார்வலரின் நிலை இதுவே.

கெட்டெக்ஸ்ட் முறையில் ஆங்கிலச் சரமே மொழிபெயர்ப்பின் திறவுகோலாக அமைகிறது. அதில் ஒரு சொல் மாறினாலும், முந்தைய தமிழாக்கம் ஐயத்திற்குரியது எனக் குறிக்கப்பட்டு, மறுபார்வை நிகழும் வரை திரையில் ஆங்கிலமே தோன்றும். இதனாலேயே வெளியீட்டுக்கு முன் சரங்களை மாற்றலாகாது என்னும் காலவரையறை பெருந்திட்டங்களில் கடைப்பிடிக்கப்படுகிறது. வெளியீட்டு நாளை முன்கூட்டி அறிவிக்காத திட்டத்தில் இவ்வரையறையும் இராது. சிறு குழுவாகப் பணியாற்றும் மொழிக்கு அதன் இழப்பு மிகுதி.

களஞ்சியப் பிரிப்பும் சொல்லாட்சியைத் தாக்குகிறது. ஒரே கருத்தை ஒரு பயன்பாடு 'அடைவு' என்றும் மற்றொன்று 'கோப்புறை' என்றும் காட்டின், பயனர் இரண்டையும் வெவ்வேறாகக் கருத இடமுண்டு. சரங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்போது இம்முரணைக் கண்டறிவதே அரிதாகிறது. கேடிஇ இதற்குக் கண்ட தீர்வு ஆய்வுக்குரியது. நிரல் யாவும் கிட் முறைமைக்கு மாறிப் பல களஞ்சியங்களாகப் பிரிந்த பின்னும், மொழிபெயர்ப்புகள் மட்டும் பழைய சப்வெர்சன் களஞ்சியத்திலேயே மொழிவாரியாக ஒன்றாக வைக்கப்பட்டன. தானியங்கி நிரல் ஒன்று பல களஞ்சியங்களிலிருந்து சரங்களை நாள்தோறும் திரட்டி அங்கே சேர்க்கிறது. நிரலாளருக்கு நிரல்வழி எல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு மொழிவழி எல்லை. பணியாற்றுவோர் மாறும்போது களஞ்சிய எல்லையும் மாறலாம் என்பதை இத்தீர்வு ஏற்கிறது.

8. களஞ்சியத்துக்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட வெளி

இரு எல்லைகளும் வேறானவை எனின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி சரிபார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இது தவறினால் நேரும் கேட்டினை எக்ஸ்இசட் நிகழ்வு காட்டியது. தரவுகளைச் சுருக்கும் இம்மென்பொருள் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உள்ளது. 2024இன் தொடக்கத்தில் வந்த அதன் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில், தொலைநுழைவுச் சேவையைத் தாக்கும் மறைவழி ஒன்று செருகப்பட்டிருந்தது. நுழைவின்போது ஏற்பட்ட ஏறத்தாழ அரை நொடித் தாமதத்தைப் பின்தொடர்ந்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் நிரலாளர் அதனைக் கண்டறிந்து 2024 மார்ச் 29 அன்று அறிவித்தார்.

தாக்குதலின் ஒரு பகுதி, சோதனைக் கோப்பு என்னும் போர்வையில் களஞ்சியத்திலேயே இருந்தது. அதனை இயங்கச் செய்யும் வரிகளோ வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. களஞ்சியத்தைப் பார்த்தோர் கண்ணில் அவை படவில்லை. பழைய உருவாக்கக் கருவிகளின் மரபில், களஞ்சியத்தில் இல்லாத சில கோப்புகள் பொதியில் சேர்வது இயல்பு. அவ்வியல்பே மறைப்பாகப் பயன்பட்டது. சுவடியில் இல்லாத பாடம் அச்சில் இருப்பின் பதிப்பாசிரியர் அதற்கு விளக்கம் தரக் கடமைப்பட்டவர். மென்பொருளில் அக்கடமை நெடுங்காலம் எவராலும் வற்புறுத்தப்படாமல் இருந்தது. பொதியைக் களஞ்சியத்திலிருந்து தானாகவே உருவாக்குவதும், அதே மூலத்திலிருந்து எவர் உருவாக்கினும் அதே விளைவு கிடைக்கச் செய்வதும் இன்று இதற்குரிய மருந்தாக முன்வைக்கப்படுகின்றன.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. ஒருங்கே மாற வேண்டியவை ஒரே களஞ்சியத்தில் இருத்தல் தகும். மாற்றம் எல்லையைத் தொடர்ந்து கடக்குமாயின் எல்லை தவறான இடத்தில் உள்ளது.

2. ஒருங்கே பெறப்படுபவை ஒரே வெளியீடாதல் தகும். ஒன்றின் தாமதம் மற்றொன்றைப் பெறுவோரைத் தடுக்குமாயின் வெளியீட்டைப் பிரிக்கலாம்; அதற்குக் களஞ்சியத்தைப் பிரிக்க வேண்டுவதில்லை.

3. பிரிப்பு பொருத்தக் கணக்கின் சுமையை ஆக்குவோரிடமிருந்து பெறுவோருக்கு மாற்றுகிறது. அதை ஏற்போர் யார் என்பது பிரிக்கும் முன்பே தெளிவாக வேண்டும்.

4. மொழிபெயர்ப்பாளரின் பணி நிரலின் எல்லையைப் பின்பற்றுவதில்லை. முன்னறிவித்த வெளியீட்டு நாளும், மொழிவாரியாகத் திரண்ட சரங்களும் தமிழ் போன்ற மொழிகளின் இடைமுகத் தரத்தை நேரடியாகத் தீர்மானிக்கின்றன.

5. வெளியீட்டில் உள்ளது அனைத்தும் களஞ்சியத்தில் காணத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

எக்ஸ் பிரிந்ததும் எல்எல்விஎம் சேர்ந்ததும் முரண்பட்ட முடிவுகளாகத் தோன்றினும், ஆக்குவோர் யாருடன் சேர்ந்து மாற்றுகிறார், பெறுவோர் எதற்காகக் காத்திருக்கிறார் என்னும் இரு வினாக்களைத் தனித்தனியே எழுப்பின் இரண்டும் தத்தம் நிலையில் பொருத்தமானவையே என்பது விளங்கும். புதிதாகத் தொடங்கும் தமிழ்க் கணிமைத் திட்டங்கள், பிறர் அமைப்பைப் பின்பற்றும் முன் இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது நலம் பயக்கும்.